கை வைக்கிற இடம்

நாற்பத்தாறு வருடம் ஒரு பறவையை வைத்துப் பிழைத்தவன் நான். அந்தப் பறவையை நான் பார்த்ததே கிடையாது.

கெஸ்ட்ரல் காரைத் தெரியாதவர்கள் டெட்ராய்ட்டில் குறைவு. அறுபத்தெட்டாம் வருட மாடல். நீண்ட மூக்கு, குட்டை வால், எட்டு சிலிண்டர், தெருமுனையிலேயே கேட்கும் உறுமல். ஆனால் ஜனங்கள் மயங்கியது எஞ்சினுக்கு இல்லை, இடுப்புக்கு. கதவு முடிகிற இடத்தில் ஒடுங்கும் தகடு, பின் சக்கரத்துக்கு மேலே திமிறி எழும்பி, வால் விளக்குக்குச் சற்று முன்னால் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து அடங்கும். அதை வரைந்தது யார் என்று கேட்டால் எல்லோரும் ஆரின் ஹால்வர்சன் என்பார்கள். அந்த ஆரின் ஹால்வர்சன் நான்தான். எப்படித் தோன்றியது என்று என்னைக் கேட்டால், ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வல்லூறு சிறகை மடக்கித் தலைகீழாகப் பாய்ந்ததைப் பார்த்தேன், அந்தத் தோள்தான் இது என்பேன். பத்திரிகைக்காரன் எழுதிக்கொள்வான். நானும் வெட்கமில்லாமல் சிரிப்பேன்.

மீன் பிடிக்கப் போனது மட்டும் நிஜம். அந்த வாரம் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. கொசுக்கடி, பீர், தலைவலி, இவ்வளவுதான். வல்லூறு என்ன, காக்கைகூட என் தலைக்கு மேல் பறந்ததாக ஞாபகம் இல்லை.

அது அறுபத்தாறு, ஜூன் மாதம். இரண்டு வருடம் முன்பு போட்டிக் கம்பெனியின் மஸ்டாங் கார் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போயிருந்தது. வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த மற்ற கம்பெனிகள், எங்களுக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்று பறந்தன. ஐம்பதுகளில் காரின் வாலில் இறக்கை வைத்து விற்றோம். அறுபதில் அதையெல்லாம் வெட்டி எறிந்து பலகை மாதிரி ஆக்கினோம். இப்போது இளவட்டங்களுக்குச் சதைப்பிடிப்பு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. எங்கள் கார் வடிவமைப்பு ஸ்டூடியோவின் தலைவர் கிளேட்டன் பர்ச், "எனக்கு நின்னுக்கிட்டு இருக்கும்போதே ஓடற மாதிரி ஒரு கார் வேணும்" என்றார். சொல்வது அவருக்குச் சுலபம்.

எங்கள் வழக்கம் இது. மரச்சட்டத்தின் மேல் அசல் அளவுக்கு மண்ணால் ஒரு முழுக் காரைச் செய்வோம். மெழுகு கலந்து அடுப்பில் இளக்கிய பழுப்பு மண், கந்தக வாடை அடிக்கும். மண்ணும் இடமும் மிச்சமாகட்டும் என்று ஒரே காரில் இரண்டு யோசனைகளைச் செய்வார்கள்: இடப்பக்கம் ஒருத்தன் வரைந்தது, வலப்பக்கம் இன்னொருத்தன் வரைந்தது. நடுவில் நின்று பார்த்தால் இரண்டு கார்களைப் பிளந்து ஒட்டியது போல் இருக்கும். பெரிய ஆட்கள் வந்து சுற்றிப் பார்த்து ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்த பக்கத்தின் அளவை எடுத்து எதிர்ப்பக்கமும் அதையே செய்வார்கள். தோற்ற பக்கத்தைச் சுரண்டி, மண்ணை மறுபடி அடுப்பில் போட்டுவிடுவார்கள். தோற்றவன் யார் என்பதற்கு மறுநாள் தடயமே இருக்காது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வரைகிறவன் மண்ணைத் தொடமாட்டான், மண் பிசைகிறவன் வரையமாட்டான். நாங்கள் டை கட்டியவர்கள், கலைக் கல்லூரி. அவர்கள் வெள்ளை அங்கி போட்டவர்கள், மணிக்கூலி. எங்களை அவர்கள் 'பென்சில்' என்று கூப்பிடுவார்கள். அதில் மரியாதை துளியும் இருக்காது.

வலப்பக்கம் என்னுடையது. அதைச் செய்தவர் புரோனெக் மஸூர். போலந்துக்காரக் குடும்பம், ஹாம்ட்ராம்க்கில் வீடு, என்னைவிட ஆறு வயது மூத்தவர். கையில் இரும்புச் சுரண்டியை எடுத்தால் ஆள் பேசமாட்டார். வைத்துவிட்டால் வாயை மூடமாட்டார்.

நான் படத்தைச் சுவரில் குத்திவிட்டு ஏரிக்குப் போய்விட்டேன். படம் அழகுதான். காகிதத்தில் எல்லாப் படமும் அழகு, சக்கரத்தைப் பெரிதாக்கிக் கூரையைத் தாழ்த்தி ஏமாற்றுவது எங்கள் குலத்தொழில். அசல் அளவுக்குக் கொண்டுவரும்போதுதான் குட்டு உடையும்.

திங்கட்கிழமை காலை திரும்பி வந்தேன். பத்து மணிக்குப் பெரிய ஆட்கள் வருவதாக ஏற்பாடு. மண்மேல் வெள்ளித்தாள் ஒட்டி, நிஜத் தகடு மாதிரி பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். என் பக்கத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"என்ன புரோனெக் இது?"

"வாய்யா பென்சில். எத்தனை மீன்?"

"மீனை விடு. என் கோடு எங்கே?"

"உன் கோடா? கதவு வரைக்கும் வந்துச்சு, அதுக்கப்புறம் நடுரோட்டுல செத்துப் போச்சு. நாலு நாள் வாயில காத்து ஊதிப் பாத்தேன், எழுந்திரிக்கல. உன்னைக் கேக்கலாம்னா நீ கொசுவுக்கு விருந்து வச்சிட்டிருந்தே. அதான் நானே ஒண்ணைப் போட்டேன்."

"இது என்ன பள்ளம்?"

அவர் என் வலது கையைப் பிடித்து இழுத்து, அந்தக் குழிவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பொருந்திற்று. அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திற்று.

"ஜனவரி மாசம் பனியில கார் மாட்டிக்கிட்டா எங்கே கை வச்சுத் தள்ளுவே? எங்கே வச்சாலும் வழுக்கும், இல்லாட்டி வெரலு நசுங்கும். நான் இருபது வருஷமா எங்க தெருவுல எவன் கார் மாட்டினாலும் தள்ளறவன்யா. கை அங்கேதான் தேடும். அங்கே ஒரு இடம் விட்டேன். அதுக்கு மேல சதை தானா எழும்பிடுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அது என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்ததால் வந்த கோபம். வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. பர்ச் முன்னால், பின்னால் ஏழெட்டுக் கோட்டுக்காரர்கள்.

இடப்பக்கத்தை அரை நிமிடம் பார்த்தார்கள். வலப்பக்கம் வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் பெருமூச்சே விட்டார். பர்ச் திரும்பி, "யாரோட பக்கம் இது?" என்றார்.

புரோனெக் பத்தடி தள்ளி வெள்ளை அங்கியில் நின்றிருந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, அவர் பெயர்.

"என்னுது சார்" என்றேன்.

அதுவரைக்கும்கூடப் பொய்யில்லை என்று பின்னாட்களில் எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டதுண்டு. வலப்பக்கம் என் பெயரில்தானே இருந்தது? ஆனால் பர்ச் விடவில்லை. "எங்கேய்யா பிடிச்சே இந்தத் தோளை?" என்றார். அப்போதுதான் அந்த வல்லூறு பிறந்தது. ஏரி, வானம், மடக்கிய சிறகு. நாக்கு தானாக ஓடிற்று. காருக்குப் பெயரே அங்கே வைத்துவிட்டார்கள். கெஸ்ட்ரல் என்றால் சின்ன வல்லூறு.

புரோனெக் தன் சுரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கேன்டீனில் என் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வல்லூறாமே? உனக்கு வல்லூறுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியுமாய்யா?"

"அந்த நேரத்துல என்ன சொல்றதுன்னு தெரியல புரோனெக். அப்புறமா நான் பர்ச்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு, சொல்லு. அவசரமில்லே" என்று சிரித்தார். என்னை நம்பிச் சிரித்தார், அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. வேறொன்று வந்தது. செப்டம்பரில் மாடியில் ஒரு மேஜை காலியாயிற்று. மண்ணும் தெரிந்து வரையவும் தெரிந்த ஆள் தேவை, வரைபடத்தில் அவன் பெயரும் போடப்படும் என்றார்கள். புரோனெக் மனுப் போட்டார். பர்ச் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உன்கூட வேலை செஞ்சவன். நீ சொல்லு. இவனுக்கு யோசனை ஓடுமா?"

ஓடும் சார், அந்த இடுப்பே அவனுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு, ஓடும் சார் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நான் கணக்குப் போட்டேன். இவர் மேலே வந்தால் அடுத்த காரில் இன்னொரு இடுப்பு போடுவார். போட்டால் முதல் இடுப்பு யாருடையது என்று குருடனுக்கும் தெரிந்துவிடும்.

"அவனுக்குக் கை தங்கமான கை சார். ஆனா குடுத்த கோட்டைத்தான் செய்வான். யோசனையெல்லாம் கிடையாது."

அவன் என்றுதான் சொன்னேன்.

புரோனெக் தொண்ணூற்றிரண்டில் ஓய்வு பெறும் வரை கீழேயே மண் பிசைந்தார். கெஸ்ட்ரலுக்கு எழுபதில் முகத்தை மாற்றினார்கள். எழுபத்து மூன்றில் பம்பர் சட்டம் வந்து, வாலில் தண்டவாளத்தைக் கட்டிவிட்டது போல் ஆயிற்று. அப்புறம் பெட்ரோல் பஞ்சம் வந்து கார் செத்தது. கடைசி வண்டி வரை அந்த இடுப்பை மட்டும் எவனும் தொடவில்லை. நான் மாடியில் மேலே மேலே போனேன். மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "என்ன பென்சில், வல்லூறு சௌக்கியமா?" என்பார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். அவர் ஏன் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பயம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதி.

போன ஆகஸ்ட், உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் அணிவகுக்கும் சனிக்கிழமை. வருடா வருடம் எனக்கு ஒரு கூடாரம், மடக்கு நாற்காலி, வெள்ளி மைப் பேனா. கெஸ்ட்ரல் வைத்திருப்பவர்கள் வரிசையாக வந்து டிக்கி மூடியைத் தூக்குவார்கள், நான் உள்பக்கம் கையெழுத்துப் போடுவேன். மைக்கைப் பிடித்த ஒரு தடித்த ஆள் பக்கத்தில் நின்று வல்லூறு கதையை ஒலிபரப்புவார்.

பதினோரு மணிக்கு ஒரு பச்சைக் கெஸ்ட்ரல் வந்து நின்றது. ஓட்டியது நாற்பத்தைந்து வயதுப் பெண். பக்கத்து இருக்கையிலிருந்து கைத்தடி ஊன்றி இறங்கினார் புரோனெக். எண்பது வயது. தலை பஞ்சாகிவிட்டது. கை மட்டும் அப்படியே, மண்வெட்டி மாதிரி.

"என்ன பென்சில், இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

நான் எழுந்திருக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

"என் பொண்ணு வாண்டா. இந்த வண்டியை மூணு வருஷம் உக்காந்து இவளேதான் சரி பண்ணினா. உன் கையெழுத்து வேணுமாம்."

"அப்பா உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காரு" என்று வாண்டா டிக்கியைத் தூக்கினாள். "வருஷா வருஷம் கூப்பிடுவேன், வரமாட்டாரு. இந்த வருஷம் அவரா வர்றேன்னாரு."

"இதய டாக்டர் ஒரு மாதிரி மூஞ்சியை வச்சிக்கிட்டான். அதான் வந்தேன்" என்றார் புரோனெக். "கதையைச் சொல்லுய்யா. நேர்ல கேட்டு ரொம்ப நாளாச்சு."

அதில் கிண்டல் இருந்ததா என்று தெரியவில்லை. தடித்த ஆள் என் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டினார். சுற்றிலும் நூறு பேர். ஏரி என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

"வல்லூறெல்லாம் கிடையாது" என்றேன். என் குரல் சாலை முழுக்கக் கேட்டது. "நான் எதையும் பாக்கல. அந்த வாரம் நான் ஊர்லயே இல்ல. இந்த இடுப்பை யோசிச்சது, செஞ்சது எல்லாம் இவர்தான். புரோனெக் மஸூர். நான் என்னுதுன்னு சொல்லிக்கிட்டேன். பொய்."

 அப்பாடா, முடிந்தது, இனி காறித் துப்பட்டும் என்று நினைத்தேன்.

தடித்த ஆள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கேட்டீங்களா! இதான்யா பெரிய மனசு! தன்கூட வேலை செஞ்ச தொழிலாளிக்கு எல்லாப் பெருமையையும் தூக்கிக் குடுக்கறாரு பாருங்க! ஜோராக் கைதட்டுங்க!"

தட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏற்கெனவே கையெழுத்து வாங்கிய ஒருவன் இன்னொன்று கேட்டு வந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் எடுத்து வெளியே வைத்தாலும் அதைச் சோறு என்றே சொல்கிறார்கள். அவமானத்தில் காது எரிந்தது.

புரோனெக் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாத்தியா? நெசத்தைச் சொன்னாலும் உனக்குத்தான் கைதட்டு."

பேனாவை அவரிடம் நீட்டினேன். "நீ போடு. உன் பேரைப் போடு."

"என் பேரு எதுக்கு? என் கை இருக்கே அங்க. நீயே போடு, அவ ஆசைப்படறா."

போட்டேன். அதையும்தான் செய்தேன்.

பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். கசகசா ரொட்டி. "வாண்டா சுட்டது. சாப்பிடு. உனக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நன்றியா? எனக்கா?"

"ஒரு மூணு மாசம் உன்மேல கொலைவெறியில இருந்தேன். பொய் சொல்லல. அப்புறம் அந்த மாடி வேலைக்கு எழுதிப் போட்டேன் இல்ல? பர்ச் உன்னைக் கூப்பிட்டு என்னைப் பத்தி விசாரிச்சான்னு அவன் டைப்பிஸ்ட் சொல்லிச்சு. அன்னிக்கே என் பொண்டாட்டி யாட்விகாகிட்ட சொன்னேன்: அந்தப் பய என் கோட்டை எடுத்துக்கிட்டான், ஆனா எனக்காகப் பேசியிருப்பான், அந்த அளவுக்காவது மனுசன். காலேஜ் படிக்காதவனை அவனுங்கதான் சேக்கல, அதுக்கு நீ என்ன பண்ணுவே? அதோட விட்டுட்டேன். அவ சாகற வரைக்கும் உன்னைத் திட்ட விட்டதில்ல நான்."

ரொட்டி என் வாயில் இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, ஆமாம் புரோனெக், என்னாலானதைச் செய்தேன் என்று தலையாட்டினால் போதும். கிழவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அவருக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கும் ஒரு சாக்கு கிடைக்கும். நாற்பத்தாறு வருடமாக எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

"நான் உனக்காகப் பேசல" என்றேன்.

"என்ன?"

"யோசனை ஓடுமான்னு பர்ச் கேட்டாரு. கை நல்ல கை, குடுத்த கோட்டைத்தான் செய்வான், யோசனை கிடையாதுன்னு சொன்னேன். அவங்க உன்னைத் தள்ளல. நான்தான் தள்ளினேன்."

புரோனெக் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் கார்கள் உறுமிக்கொண்டு போயின.

"ஏன்?"

"நீ மேல வந்தா அந்த இடுப்பு யாருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு."

அவர் பொட்டலத்தை மெதுவாக மடித்தார். என் கையில் மிச்சமிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்தார். திருப்பிக் கேட்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"வாண்டா, போலாம்மா."

கார் கிளம்பவில்லை. ஆகஸ்ட் வெயிலில் நின்றால் பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், இந்த வண்டிகளின் வியாதி அது. வாண்டா மூன்று தடவை முயன்று பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டது. "நிழலுக்குத் தள்ளுங்கப்பா, அரை மணியில எடுத்துடும்" என்று மைக் பிடித்தவர் கூவினார்.

புரோனெக் இறங்கினார். நீங்க உக்காருங்க அப்பா என்று வாண்டா கத்தியதைக் காதில் வாங்காமல், தடியைக் கூரைமேல் போட்டுவிட்டு, வலப்பக்க இடுப்பின் குழிவில் உள்ளங்கையை வைத்தார். தேடவே இல்லை, கை தானாகப் போய் அங்கே உட்கார்ந்தது.

நான் ஓடினேன். எழுபத்து நாலு வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. இடப்பக்கம் போய், அந்தப் பக்கத்துக் குழிவில் என் கையை வைத்தேன். வெயிலில் தகடு சுட்டது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் கெஸ்ட்ரலைத் தள்ளியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கை பொருந்திற்று, அந்தத் திங்கட்கிழமை பொருந்தியது போலவே.

புரோனெக் டிக்கிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"கையை எடுங்க, மிஸ்டர் ஹால்வர்சன்" என்றார்.

எடுத்தேன். வரிசையிலிருந்து இரண்டு பேர் வந்து என் இடத்தில் நின்று தள்ளினார்கள். கார் மெதுவாக நிழலுக்கு நகர்ந்தது. கூடாரத்துக்குத் திரும்பினால், அடுத்த ஆள் டிக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.